எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குதிரைகள்

கல்யாணமாகித் தருமபுரிக்கு வந்த புதிதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. மற்ற நாளெல்லாம் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸுக்குப் போய்விடும் கணவர், ஞாயிறன்று மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வீடு வந்ததும் வெள்ளை வேட்டியைக் களைந்து பழைய காக்கிப் பேண்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "சும்மா, தோப்பு வரைக்கும்" என்பார். பொழுது சாயும்போது திரும்பி வருவார். சட்டை, தலைமுடி, கை எல்லாம் குதிரை வாடை அடிக்கும். அந்த வாடையோடு உட்கார்ந்து, நான் எடுத்து வைத்த ஆறிப்போன கறிக்குழம்பை ருசித்துச் சாப்பிடுவார். எனக்கு ஆத்திரமாக வரும்.

குதிரைகள் அவருடையவை அல்ல. அவருடன் பள்ளியில் படித்த ஒருவருக்கு வத்தல்மலைக்குப் போகும் வழியில் மாந்தோப்பு இருந்தது. ஓர் ஆடி மாதம் உழவு மாடு வாங்கிவர அந்தியூர்ச் சந்தைக்குப் போன அந்த மனிதர் மூன்று மட்டக்குதிரைகளோடு திரும்பி வந்தார். அவருடைய அப்பா அடுத்த மாங்காய் சீசன் வரைக்கும் மகனோடு பேசவில்லையாம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் அவர்கள். எங்களிடம் நல்ல தமிழில் பேசும் மாந்தோப்பு அண்ணன் குதிரைகளிடம் மட்டும் தெலுங்கில்தான் பேசுவார். "ரா, ரா" என்றால் வரும். "பத" என்றால் நடக்கும். எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் குதிரைகளோடு சேர்ந்து கற்றதுதான். பின்னாளில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெரிய மனுஷி ஒருத்தரைச் சாப்பிட அழைத்துப்போக "பத, பத" என்று சொல்லி, பந்தலில் எல்லாரும் சிரித்தது தனிக்கதை.

மூன்றாவது ஆள் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக் கண்ணாடி. கல்யாணமாகாதவர், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். ஒரு குதிரைக்குக் காலில் புண் என்று கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். புண் ஆறியது, அவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். மாடும் ஆடும் அவருக்கு அத்துப்படி, குதிரை புதுசு.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமான மறுவருஷம் ஆனி மாதத்தில், நாலு மாதமாக என் வயிற்றில் இருந்தது கலைந்துபோனது. பெரியாஸ்பத்திரியில் சில நாள் படுத்திருந்துவிட்டு வந்தேன். வந்தவள் கோயிலைத் தவிர வேறெங்கும் போகவில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் தப்பாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கணவர் மருந்து வாங்கி வருவார், ஆரஞ்சுப்பழம் வாங்கி வருவார், நடந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். முன்பு அவர் போனால் கோபம் வந்தது. இப்போது போகாமல் என் எதிரே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க இன்னும் பாரமாக இருந்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. மாந்தோப்பு அண்ணனும் கம்பவுண்டர் அண்ணனும் ஆளுக்கொரு குதிரையில் வந்து நின்றார்கள். பின்னால் இன்னும் இரண்டு குதிரைகள் கயிற்றில் வந்தன. அதில் ஒன்றை நான் பார்த்ததில்லை. மண்ணிறம், நெற்றியில் வெள்ளை, மற்றதைவிடக் குட்டையான பெண் குதிரை. அந்த வருஷ ஆடிச் சந்தையில் வாங்கியதாம்.

"தங்கச்சி, இவன வூட்ல கட்டிப் போட்டு என்னா பண்ணப் போற? மொகத்தப் பாரு, அமாவாசை மாதிரி" என்றார் மாந்தோப்பு அண்ணன்.

"நானா கட்டிப் போட்டேன்? இட்டுக்கினு போங்கண்ணா."

"அதான் நாலு கொண்டாந்திருக்கமே. நீயும் வா."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார் முறத்தோடு வெளியே வந்துவிட்டார். "என்னா சொல்றீங்க நீங்க? பொம்பள குதிரை ஏறுவாளா? இன்னொரு வாட்டி அவ வவுத்துல ஒண்ணு தங்க வேணாமா?"

கணவர்தான் மெல்லச் சொன்னார், "லேடி டாக்டரக் கேட்டேம்மா. நடக்கலாம், வேலை செய்யலாம், வழக்கம்போல எல்லாம் செய்யலாம்னு சொன்னாங்க."

"குதிரைன்னு கேட்டியா?"

"குதிரைன்னு கேக்கல."

எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்ததைப் பார்த்து மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கணவருடைய இன்னொரு பேண்ட்டைப் புடவைக்குள் போட்டுக்கொண்டு, இடுப்பில் அரைஞாண் கயிறு மாதிரி ஒரு சணல் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊருக்குள் ஏற வெட்கமாக இருந்தது. கடைசி வீடு தாண்டிப் பாலம் வரைக்கும் நடந்துபோய், பாலக்கட்டையின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து அந்த மண்ணிறக் குதிரையின் முதுகுக்கு மாறினேன். சேணம் என்று பேர்தான். மடித்த சாக்கு, அதன்மேல் பழைய ஜமக்காளம், வயிற்றைச் சுற்றி ஒரு வார். குதிரையின் சூடு ஜமக்காளத்தைத் தாண்டித் தொடைக்கு ஏறியது. கழுத்து மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது ஒருமுறை திரும்பி என் முழங்காலை முகர்ந்துவிட்டு நடக்க ஆரம்பித்தது.

குதிரைச் சவாரி என்றதும் பாய்ந்து ஓடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மாட்டு வண்டிகூட எங்களை முந்திக்கொண்டு போகும். ஏரிக்கரை மேலே போவோம். தண்ணீர் வற்றினால் ஏரிக்குள்ளேயே இறங்கிக் குறுக்கே போவோம். கேழ்வரகு அறுத்த காடு, புளியமரச் சாலை, பிறகு மாந்தோப்புகள். மாமரத்தின் தாழ்ந்த கிளைகளுக்குக் குனிந்து குனிந்து போகவேண்டும். கம்பவுண்டர் அண்ணன் எப்போதும் ஒரு கிளையை மறந்துவிடுவார். கண்ணாடி தெறித்து விழும், எல்லாரும் இறங்கித் தேடுவோம். சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தால் அதே அடியை ஓடை வரும்வரை பாடிக்கொண்டிருப்பார், அடுத்த அடி அவருக்குத் தெரியாது. ஓடை மணலில் குதிரைகளை அவிழ்த்து விட்டுவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் அவித்த வேர்க்கடலையையும் சாப்பிடுவோம். கடலைத் தோலைக் குதிரைக்குக் கொடுப்போம்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது பேச்சு. வீட்டில் உட்கார்ந்து பேசினால் எதிரே ஒரு முகம் இருக்கும். குதிரை மேலே ஒருவர் பின்னால் ஒருவராகப் போகும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கம்பவுண்டர் அண்ணன் ஊரில் தனக்குப் பார்த்த பெண் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டதை அப்படித்தான் சொன்னார். மாந்தோப்பு அண்ணன் தன் தம்பிகள் பாகம் கேட்கிறார்கள் என்பதை அப்படித்தான் சொன்னார். பதில் உடனே வரவேண்டும் என்று இல்லை. ஒரு வயல் தாண்டி வரும்.

ஒருநாள் நான் கேட்டேன், "ஏண்ணா, இதுக்கு மட்டும் வயிறு இம்மாம் பெருசா இருக்கே?"

"கொள்ளுத் தீனிம்மா. பொட்டைக் குதிரைக்கு அப்படித்தான் தொந்தி விழும்" என்றார் கம்பவுண்டர் அண்ணன், முழு நம்பிக்கையோடு.

தை பிறந்ததும் பொங்கல் லீவோடு சேர்ந்து நாலு நாள் கிடைத்தது. வத்தல்மலைக்குப் போகலாம் என்று மாந்தோப்பு அண்ணன் சொன்னார். மலை மேல் ஊர்களில் ஒன்றில் அவருக்குப் பழக்கமான குடும்பம் இருந்தது. மலையிலிருந்து கடுகும் தேனும் கொண்டு இறங்கும்போது அவர்கள் தோப்பில்தான் தங்குவார்கள். அப்போது மேலே போக ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதை, சில இடங்களில் கல் படிக்கட்டு மாதிரி. பொதி சுமக்கும் கழுதைகளும் மட்டக்குதிரைகளும் ஏறிப்போகும் வழிதான் என்பதால் பயமில்லை என்றார்.

காலையில் அடிவாரம் தாண்டினோம். மூங்கிலும் ஊஞ்சை மரமுமாகக் காடு. ஏற ஏறக் காற்று மாறியது. கீழே எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரிந்தது. பாதி மலைக்கு மேல் ஒரு வளைவில் என் குதிரை நின்றுவிட்டது. "பத" என்றேன். நகரவில்லை. "ரா" என்று முன்னாலிருந்து மாந்தோப்பு அண்ணன் கூப்பிட்டார். காதை மட்டும் அசைத்தது. கழுத்தில் வேர்வை நுரைத்திருந்தது. நான் இறங்கினேன். கம்பவுண்டர் அண்ணன் வந்து காலைத் தூக்கிப் பார்த்தார், வாயைப் பார்த்தார். பிறகு விலாவுக்குக் கீழே கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. குனிந்து பின்னங்கால் நடுவே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை.

"என்னாச்சு?" என்றார் என் கணவர்.

"மடி எறங்கியிருக்கு. உள்ள உதைக்குது." அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "குட்டிங்க. நெறமாசம். நான் கொள்ளுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். என்னையெல்லாம் ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க பாருங்க."

மாந்தோப்பு அண்ணன் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

இத்தனை வாரமாக அது என்னையும் சுமந்து வயிற்றுக்குள் இன்னொன்றையும் சுமந்து நடந்திருக்கிறது. மாமியார் வாசலில் நின்று சொன்னது காதில் கேட்டது. என்னால் இதற்கும் ஏதாவது ஆகிவிடும், உள்ளே இருப்பது உயிரோடு வராது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாரை அவிழ்த்துச் சாக்கையும் ஜமக்காளத்தையும் என் தோளில் போட்டுக்கொண்டேன். கீழே இறங்குவதைவிட மேலே ஏறுவதுதான் பக்கம் என்றார்கள். எல்லாரும் இறங்கி நடந்தோம். நான் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அது நின்றால் நின்று, நடந்தால் நடந்து போனேன். மற்றவர்கள் முன்னால் போய்க் காத்திருப்பார்கள். வெயில் இறங்கும்போது ஊர் வந்தது.

அந்தக் குடும்பத்துக்காரர் மாட்டுக் கொட்டகையில் பாதியை ஒழித்து வைக்கோல் பரப்பிக் கொடுத்தார். அவர் மனைவி எங்களுக்குச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் பரிமாறினாள். எனக்கு இறங்கவில்லை. குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எப்போது தூங்கினேனோ தெரியாது. கிழக்கு வெளுக்கும்போது கம்பவுண்டர் அண்ணன் என்னை எழுப்பினார்.

"தங்கச்சி, தலையப் பிடிச்சுக்கணும். நான் பிடிச்சா மொரண்டு பண்ணுது. உங்கிட்டதான் அடங்கும்."

"என்னால முடியாதுண்ணா."

"கண்ண மூடிக்க. பிடிச்சுக்கிட்டா போதும்."

வைக்கோலில் படுத்திருந்த அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை, ஆனால் அதன் நெற்றி வெள்ளையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அதன் மூச்சு என் கையில் சூடாக இறைத்தது. உடம்பு முழுக்க ஒரு இறுக்கம் வரும், போகும். எனக்குத் தெரிந்த இறுக்கம்தான் அது. சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக நின்ற கம்பவுண்டர் அண்ணனுக்குக் கடைசிவரை வேலையே வரவில்லை. "காலு ரெண்டும் வந்திருச்சு... மூக்கு... ஆ, வந்திருச்சு" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் நான் மாதா பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உசுரு இருக்குதா?" என்று கேட்டது என் குரல்தானா என்று தெரியவில்லை.

பதிலுக்கு ஒரு தும்மல் கேட்டது. மனுஷர் தும்மல் இல்லை. குதிரை என் மடியிலிருந்து தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்து, தொண்டைக்குள் மெல்லக் கனைத்தது. நானும் திரும்பினேன். ஈரமாக, கறுப்பாக, முழுக்க முழுக்கக் காலாகவே ஒன்று வைக்கோலில் கிடந்து காதை உதறிக்கொண்டிருந்தது.

அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை. மாந்தோப்பு அண்ணன் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே போனார். கம்பவுண்டர் அண்ணனும் கை கழுவவேண்டும் என்று பின்னாலேயே போனார், கையில் ஒன்றும் படாமலே. என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எழுந்திருக்கப் பார்த்து நாலு காலும் நாலு பக்கம் போய் விழுந்தது.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில," என்றார் அவர், குட்டியைப் பார்த்தபடியே. "நர்சு வந்து என்னக் கேட்டாங்க, பாக்கறீங்களான்னு. நான் வேணாம்னுட்டேன். பயமா இருந்துச்சு. உன்னக் கூடக் கேக்கல. அதான் அப்புறம் ஒன்னும் பேச முடியல."

எனக்கு அதுவரை அது தெரியாது. கோபம் வரவேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் அத்தனை மாதமும் பேப்பருக்குப் பின்னால் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தது.

"பையனா, பொண்ணான்னு சொன்னாங்களா?"

"பொண்ணு."

குட்டி மறுபடி எழுந்தது. இந்தத் தடவை நின்றது. நின்றதில் அதற்கே ஆச்சரியம்போல அசையாமல் நின்றது. அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். வீட்டுக்காரர் மனைவி கருப்பட்டிக் காப்பியோடு வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு, டம்ளர்களை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

லீவு முடிந்தும் நாங்கள் இறங்கவில்லை. குட்டி நடக்க வேண்டுமே. கம்பவுண்டர் அண்ணன் மட்டும் முதலில் கீழே போய், ஆபீஸுக்கும் வீட்டுக்கும் சேதி சொல்லிவிட்டு, மறுநாளே மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார். பிரசவம் பார்த்த டாக்டர் கேஸை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார். இறங்கும்போது தாய் முன்னால், குட்டி அதன் விலாவை ஒட்டிக்கொண்டு, நாங்கள் பின்னால். செங்குத்தான இடங்களில் மாந்தோப்பு அண்ணன் குட்டியை ஆட்டுக்குட்டி மாதிரி கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார். தாய் விடாமல் அவர் சட்டையைக் கடித்து இழுத்தது. அடிவாரம் வந்தபோது சட்டையில் பாதிதான் இருந்தது.

மாமியாருக்குச் சேதி முன்பே போயிருந்தது. பாலத்தண்டை வந்து நின்றிருந்தார். என்னைத்தான் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"கிறுக்குப் பசங்களா, புள்ளத்தாச்சிய மலையேத்தி இருக்கீங்களே" என்று மூன்று ஆம்பிளைகளையும் ஒரு பிடி பிடித்தார். என்னிடம், "நீ சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு கொள்ளு வேகவைத்துத் தூக்குப்போசியில் தோப்புக்குக் கொடுத்தனுப்புவார். சில நாள் தானே எடுத்துக்கொண்டு போவார். குதிரைச் சவாரி பற்றி அதற்குமேல் வீட்டில் பேச்சில்லை. நான் வீட்டு வாசலிலேயே ஏற ஆரம்பித்தேன்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எந்தெந்தப் பாதை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே நீளமான ஞாயிற்றுக்கிழமை மாதிரி நினைவில் இருக்கிறது. ஒகேனக்கல்வரை ஒருமுறை போய், பரிசல்காரர்கள் குதிரையை ஏற்றமாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டதும், மீன் வறுக்கும் புகைக்கு நாலு குதிரையும் தும்மியதும் மட்டும் தனியாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. இந்தத் தடவை நானாகவே குதிரையை விட்டு இறங்கிவிட்டேன். மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது ஆகும்போது கம்பவுண்டர் அண்ணனுக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வந்தது. மாந்தோப்பு அண்ணன் வீட்டில் பாகம் பிரித்தாகிவிட்டது. தோப்பில் அவர் பங்குக்கு வந்த பக்கத்தில் கிணறு இல்லை. வரும் ஆடியில் குதிரைகளைச் சந்தைக்கு ஓட்டிப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது குதிரையின் லாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நாலு பேரும் கிளம்பினோம். தொப்பூர்ப் பக்கம் போவோம் என்று கணவர் சொன்னார். அதுவரை அந்தத் திசைக்குப் போனதில்லை. காட்டுப் பாதையெல்லாம் சுற்றிப் பெங்களூர் ரோட்டுக்கு வந்தோம். கணவாயில் மூச்சுத் திணறி ஏறிவந்த லாரிகள் எங்களைப் பார்த்து ஆரன் அடித்தன. ஒரு சர்தார்ஜி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே உடம்பைப் பாதி நீட்டிக் கையசைத்தார். நாங்களும் கையசைத்தோம். ரோட்டோர ஹோட்டலின் வேப்பமரத்தில், லாரிகளுக்கு நடுவே குதிரைகளைக் கட்டிவிட்டுப் பரோட்டா சாப்பிட்டோம். ஹோட்டல்காரர் குதிரைக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டு, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கம்பவுண்டர் அண்ணன் ராமநாதபுரத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். யாரும் கடைசி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

திரும்பும்போது வெயில் தணிந்து, பக்கவாட்டில் எங்கள் நிழல் நீளமாகப் போனது. வழக்கத்தைவிட மெதுவாகப் போனோம். ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் நேராக ஊர். வலது பக்கம் ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு போகும். மாந்தோப்பு அண்ணன் முன்னால் நின்று திரும்பி எங்களைப் பார்த்தார்.

"குழந்தை அழுவுமா, தங்கச்சி?"

"அத்தை பாத்துக்குவாங்க. சுத்தியே போலாங்கண்ணா" என்றேன்.

அவர் வலது பக்கம் திருப்பினார்.